நோயாளி எண் பதினான்கின் இடது பக்கம்

1

திருட்டை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. டாக்டர் சுந்தரபாண்டியனின் மணிவிழா மலருக்கு மெய்ப்புத் திருத்தப் போன இடத்தில் கண்ணில் பட்டது. மலரின் முதல் நாற்பது பக்கமும் புகைப்படங்கள்: மாலையோடு டாக்டர், மைக்கோடு டாக்டர், மூளைப் படத்தைச் சுட்டிக்காட்டும் டாக்டர். (மூளை சின்னதாகவும் டாக்டர் பெரிதாகவும் விழுந்திருந்தார்கள்.) அதற்கப்புறம், 1993-இல் ராஜபாளையத்தில் அவர் நடத்திய 'முதுமை, பார்வை, மூளை' ஆராய்ச்சியின் தமிழ்ச் சுருக்கம். அதில் பதினான்காவது ஆசாமி இப்படி வருகிறார்:

"நோயாளி எண் 14. ஆண். வயது 63. வலக்கைப் பழக்கம். தொழில்: துணிப் பரிசோதனை. மூளையின் வலப்புறத்தில் பழைய ரத்த அடைப்பு. கண்கள் நலம். இடப்புற உலகைக் கவனிப்பதில்லை. கவனிக்கவில்லை என்பதையும் அறிவதில்லை. சமூக விளைவுகள்: குறிப்பிடத்தக்கவை ஏதுமில்லை."

அந்தக் கடைசி வரியில் என் பென்சில் நின்றுவிட்டது. ஒரு மனுஷனுக்குப் பாதி உலகம் காணாமல் போயிருக்கிறது, விளைவு ஏதுமில்லையாம். பிழை திருத்தத்தானே காசு வாங்கினேன்? இது அந்தத் திருத்தம். ஓரத்தில் எழுத இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மேற்கு மலையின் மடியில் மேகங்கள் கண்ணயர்ந்திருந்த அந்த இளங்காலையில், செண்பகத்தோப்புக் காற்று மெல்ல

[வேண்டாம். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது. ராஜபாளையம் என்றதும் நாய் வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அதுவும் வராது.]

இரண்டாம் முயற்சி:

மனித மூளை என்பது இயற்கை படைத்த ஒப்பற்ற

[இது டாக்டர். உட்காருங்கள் டாக்டர், உங்கள் முறை வரும்.]

மூன்றாவது:

மதார் சாகிபுக்கு எந்தக் குறையும் இல்லை.

இது இருக்கட்டும். ஏனென்றால் இது என் வாக்கியமில்லை, அவருடையது. யார் கேட்டாலும் இதைத்தான் சொன்னார், சத்தியமாக நம்பித்தான் சொன்னார்.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கொட்டகையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே துணியை இழுத்து, விட்டுப்போன இழைகளைக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் சுழிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு காலையில் தலை சுற்றியது, இடது கை இரண்டு நாள் கனமாகக் கிடந்தது. வாயு என்று முடிவு செய்து பூண்டுப்பால் குடித்தார். சரியாகிவிட்டது.

அதன் பிறகு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உலகம்தான் சில்லறைச் சில்லறையாகத் தப்புத்தண்டா செய்ய ஆரம்பித்தது. பேப்பரில் செய்திகள் பாதி வரியில் தொடங்கின. பத்திரிகைக்காரர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். (இதில் நான் அவர் கட்சி.) குர்ஆன் ஓதும்போது வலப்பக்கமிருந்து வரும் வரி நடுவில் நின்றால், மனப்பாடம் மிச்சத்தை முடித்துவைத்தது. டீக்கடையில் மேஜையின் இடது ஓரத்தில் கிளாஸ் ஆறிக்கொண்டிருக்க, "ஒரு டீக்கு எம்புட்டு நேரம்யா?" என்று சத்தம் போட்டார். கடைக்காரர் ஐயாதுரை கிளாஸை வலப்பக்கம் நகர்த்திவைத்தார். மூளை ஆராய்ச்சி வரலாற்றில் இந்த நிகழ்ச்சி எங்கும் பதிவாகவில்லை.

3

இனி விளைவு.

மகள் ஜெய்னபுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பாத்திரக்கடை சேக் முகைதீனின் மகன். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்தன. முந்தைய இருவரும் தகப்பனிடம்தான் பேசினார்கள், இவன் ஒருத்தன்தான் ஜெய்னபைப் பார்த்து, "ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டான். அவள் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் பதிலை வைத்திருந்தாள்.

பேசி முடிக்கிற அன்றைக்கு சேக் முகைதீன் வீட்டில் சஹன் சாப்பாடு.*

(* பெரிய வட்டத் தட்டில் சோறு; சுற்றி நாலு பேர்; அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. நல்ல கறித்துண்டை எடுத்து அடுத்தவர் பங்கில் தள்ளிவைப்பது மரியாதை. அதை எடுத்துத் தின்பது பதில் மரியாதை. தின்னாமல் விட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

சேக் முகைதீன் சம்பந்திக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். சட்டியிலேயே பெரிய நல்லி எலும்பாகப் பார்த்து எடுத்து மதார் சாகிபின் பங்கில் வைத்தார். இடது பாதியில்.

மதார் சாகிப் வலது பாதியைத் தின்றார். அது தீர்ந்ததும், சோறு இவ்வளவுதானா என்ற வருத்தத்தோடு, வலப்பக்கம் இருந்த ஜமாஅத் பெரியவரின் பங்கில் கை வைத்தார்.

"நல்லிய எடுத்துக்கிடுங்க சம்பந்தி," என்றார் சேக் முகைதீன்.

குரல் அங்கிருந்து வந்ததாக நினைத்து மதார் சாகிப் வலப்பக்கம் திரும்பி, பெரியவரைப் பார்த்து, "எனக்கெதுக்கு? நீங்க எடுத்துக்கிடுங்க," என்றார்.

மறுபடியும் ஒரு தடவை சொன்னார் சேக் முகைதீன். மறுபடியும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார் சம்பந்தி. கடைசியில் தட்டே காலியாகி, நல்லி மட்டும் தனியாகக் கிடந்தது.

கை கழுவும்போது சேக் முகைதீன் யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "பாத்திரம் விக்கிறவன் கை பட்ட கறி, ராஜபாளையத்துக்காரவியளுக்குத் தொண்டையில எறங்காது போலுக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் மதார் சாகிபும் கொதித்துக்கொண்டுதான் வந்தார். "மூணு பேருக்குக் கறி, எனக்கு வெறுஞ்சோறு! கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதான். இவன் வீட்டுல பொண்ணு குடுக்கணுமாக்கும்?"

ஆக, இரண்டு பேருக்கும் அவமானம். இரண்டு பேரும் நேர்மையானவர்கள். மறுநாள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

4

அடுத்த வாரமே மதார் சாகிப் பார்த்து அனுப்பிய துணி திரும்பி வந்தது. பழுது எல்லாம் ஒரே ஓரத்தில், இடது ஓரத்தில். முதலாளி கண் முகாமுக்கு அனுப்பினார். கண் பளிங்காக இருக்கிறது என்றார்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு கண்ணாடியும் கொடுத்து, அதே மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த டாக்டர் சுந்தரபாண்டியனின் ஆராய்ச்சிக்குத் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் அப்போது பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். வேலையைச் செய்தது உதவியாளர் நாச்சியார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். (மலரின் நன்றியுரையில் இவர் 'மற்றும் பலர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறார். எனக்கு மிச்சக் கதையைச் சொன்னது இவர்தான்.)

நாச்சியார் ஒரு தாளை நீட்டினார். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றையும் குறுக்கே அடிக்க வேண்டும். மதார் சாகிப் வலது பாதியை அடித்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

"எல்லாம் அடிச்சாச்சா பாய்?"

"ஒண்ணு விடலம்மா. இருபத்திரண்டு வருசம் துணி பாத்த கண்ணு."

நாச்சியார் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்ப?"

மதார் சாகிப் திடுக்கிட்டார். "இது வேற பேப்பருல்லா?"

கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதியில், தீபாவளி பஸ் மாதிரி நெருக்கியடித்து நின்றன. அந்த நேரம் பார்த்து வந்த டாக்டர், கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, "அருமை! அருமை! பாடப்புத்தகத்துல கூட இவ்வளவு சுத்தமா வராது!" என்று கை தட்டினார்.

மதார் சாகிபுக்குப் பெருமையாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில் படம் வரைந்து கைதட்டல் வாங்குவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

5

இந்த இடத்தில் டாக்டருக்கு ஒரு முடிவு கொடுத்துப் பார்த்தேன். டாக்டர் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார். மூளைப் படத்தை விரிக்கிறார். விளக்குகிறார். சேக் முகைதீன் கண்ணீர் மல்க

[மல்கவில்லை. நான் எவ்வளவோ முயன்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இது பிள்ளைகளுக்கும் வருமா டாக்டர்?" டாக்டர், "இந்தக் கேள்விக்கு இரண்டு கோணங்களில் பதில் சொல்லலாம்," என்று ஆரம்பித்தார். அதோடு போச்சு.]

சிக்கல் இதுதான். சொல்லாவிட்டால் மதார் சாகிப் திமிர் பிடித்தவர். சொன்னால் மூளை கெட்டவர். திமிர் பிடித்த வீட்டிலாவது பெண் எடுப்பார்கள். எப்படிப் போனாலும் ஜெய்னபின் பதில் ஜெய்னபிடமே தங்கிவிடும்.

6

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. மதார் சாகிபின் மனைவி ஹபீபுன்னிசா முதல் வரியிலிருந்தே இந்தக் கதையில் இருக்கிறார். பூண்டுப்பால் காய்ச்சியவர் அவர். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருந்தவர் அவர். மண்டபத்துக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். நான் ஒரு வரி கொடுக்கவில்லை. நோயாளி எண் பதினைந்து என்று என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் கடிகாரத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, நாச்சியார்தான் அந்த அம்மாளைப் பார்த்தார். கணவனின் இடப்பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரமாகக் கணவர் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, வீட்டுல அவிய எப்படி?"

"என்னத்தச் சொல்ல?" என்றார் ஹபீபுன்னிசா. "ஆறு மாசமா எம்மேல கோவம். சட்டை எங்க, செருப்பு எங்கன்னு கேக்கதோட சரி. சாப்பிட உக்காந்தா என் மொகத்தப் பாக்கதே இல்ல. நான் எதாவது சொன்னா செவுத்தப் பாத்துப் பதில் சொல்லுதாவ. என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியல. கேக்கவும் ரோசமா இருக்கு."

"சாப்பிடும்போது நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"முப்பது வருசமா எடது பக்கந்தான்."

நாச்சியார் மறுபடியும் அந்தத் தாளை எடுத்து, அடிபடாத கோடுகளைக் காட்டினார். "கோவமில்லம்மா. இந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கதே அவிய மூளைக்குத் தெரியல."

ஹபீபுன்னிசா அந்தக் கோடுகள் மேல் விரலை ஓட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப அன்னைக்கு அந்த நல்லியும் இந்தப் பக்கமாத்தான் இருந்திருக்கும்?"

டாக்டரின் அறுபது பக்க ஆராய்ச்சியில் இல்லாத கண்டுபிடிப்பு இது.

அன்று சாயங்காலம் ஹபீபுன்னிசா கோரைப்பாயைக் கணவனின் வலப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மதார் சாகிப் டீ கிளாஸிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"ஏட்டி, இம்புட்டு நாளா எங்க போயிருந்தே?"

ஹபீபுன்னிசா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "எங்கயும் போகல. நீங்கதான் செத்த நேரம் அசந்துட்டிய."

7

ஜமாஅத் பெரியவர் நடுவில் விழுந்து பேசினார். (அவர் பங்குச் சோறும் போயிருந்தது, ஆனாலும் பெரிய மனசு.) சேக் முகைதீன் ஒரே ஒரு தடவை ராஜபாளையம் வந்து சாப்பிட ஒப்புக்கொண்டார். "பிள்ள மொகத்துக்காக வாரேன். இந்தத் தடவையும் அதே மாதிரி ஆச்சுன்னா, பொறவு என்னையக் கேக்கக் கூடாது."

ஹபீபுன்னிசாவின் ஏற்பாடு எளிமையானது. மூளை என்ற வார்த்தையே வேண்டாம். சம்பந்தியைக் கணவனுக்கு வலது கைப்பக்கம் உட்கார வைத்துவிட்டால் போதும். கிழக்குச் சுவரோரமாகக் கம்பளம் விரித்து, இடத்தைக்கூடக் கையால் தட்டிக் காட்டினார்.

சேக் முகைதீன் வந்தார். காட்டிய இடத்தில் உட்காரவும் செய்தார். சஹன் வந்து இறங்கியது. அப்போது ஜமாஅத் பெரியவர் உள்ளே வந்தார். பெரியவருக்கு முழங்கால் வலி, சுவரில் சாய வேண்டும். சேக் முகைதீன் மரியாதை தெரிந்தவர். மரியாதையால்தானே இவ்வளவு வினையும். சட்டென்று எழுந்தார். "நீங்க இங்கன வாங்க," என்று இடத்தைக் கொடுத்துவிட்டு, சுற்றி வந்து, மதார் சாகிபுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்.

கதவுத் திரைக்குப் பின்னால் ஹபீபுன்னிசா நின்றார். அவருக்குப் பின்னால் ஜெய்னப். ஆண்கள் சாப்பிடுகிற இடத்துக்கு அவர்கள் வர முடியாது.

பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தார்கள். சேக் முகைதீன் நிதானமாகத் தேடி, பெரிய நல்லியாக எடுத்து, சம்பந்தியின் பங்கில் இடது பாதியில் வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் பார்த்தார்.

மதார் சாகிபுக்கு எந்தக் குறையும் இல்லை. வலது பாதியைத் தின்றுகொண்டிருக்கிறார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. மூன்று முடிவு எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நானே போய் அந்தத் தட்டைத் தொட்டேன், மூன்றும் பொய்யாக வந்தன. கதை எழுதுகிறவன் தட்டைத் தொட்டால் எல்லாச் சோறும் மணிவிழா மலர்ச் சோறாகிவிடுகிறது.

ஆனால் எண்ணிப் பாருங்கள். சஹனுக்கு நாலு பேர். மதார் சாகிப், சேக் முகைதீன், ஜமாஅத் பெரியவர். மூன்று பேர்தான் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கிருந்து தட்டு எட்டும். வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லலாம். சத்தம் போடாமல் தட்டை அரைச் சுற்றுத் திருப்பலாம். ஆனால் எல்லார் பங்கும் மாறிப்போகும், மூன்று பேரும் உங்களை முறைப்பார்கள். ஒன்றும் செய்யாமல் உங்கள் பங்கை மட்டும் தின்றுவிட்டும் எழலாம், அதற்கும் பழக்கப்பட்டவர்கள்தான் நாம்.

திரை அசைகிறது. சோறு ஆறுகிறது.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.