பதினொரு வீட்டு மாடு

1993ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு, மணல்மேட்டுத் தோட்டத்துப் பசு ஒன்று பதினொரு வீட்டுக் கொல்லையில் ஒரே நேரத்தில் நின்றது. அன்று மழை இல்லை. வெங்காயம் மட்டும் கொஞ்சம் விலை ஏறியிருந்தது.

மணல்மேட்டுத் தோட்டம் புலாவ் செபாங் பட்டணத்திலிருந்து நாலு மைல், ரயில் தண்டவாளத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. அந்த வருடம் தோட்டத்தைக் கடல் கடந்த கம்பெனி ஒன்று வாங்கியது. கம்பெனியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, கடிதம்தான் வந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போகிறோம், பனங்கன்றுகளைத் தின்னும் மாடுகளை முப்பது நாளில் அப்புறப்படுத்துங்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி காளிதாஸ் அதைப் பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்கள் கூடி நிற்கும் நேரத்தில், வாசித்தார். வாசிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அவருக்கும் காலையில் பால் ஊற்றிய தே இல்லாமல் பேனா ஓடாது. அதனால் மேலிடத்துக்கு மூன்று முறை எழுதி, தோட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு மாடு வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்.

மாடு வைத்திருந்த பதினொரு குடும்பங்களும் மற்றவற்றை விற்றுவிட்டு ஒன்றை நிறுத்திக்கொண்டன. அதன் நடை பழைய பெரிய கிராணி மனைவியின் நடை மாதிரி இருந்ததால் அதற்குக் கிராணியம்மா என்று பெயர். காளிதாஸ் கல்யாணம் ஆகாதவர். அவருக்கு இதில் வருத்தம்தான். குடும்பத்துக்கு ஒரு புரியாகப் பழைய சேலை, உரச்சாக்கு நார் என்று கொண்டுவந்து, பதினொரு புரியையும் சேர்த்து முறுக்கி ஒரே கயிறாக்கினார்கள். மருதமுத்து தன் பச்சைக் கைலியைக் கிழித்துக் கொடுத்தான். புல் வெட்டுவதற்குப் பதினொரு நாள் முறை. ராமாத்தாள்தான் முறை போட்டாள். அவள் சொன்னால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும்.

மறுநாள் விடியலில்தான் அது நடந்தது. மருதமுத்து செம்போடு கொல்லைக்கு வந்தான், கிராணியம்மா நின்றாள். நம் வீட்டில் கட்டவில்லையே என்று வேலிக்கு மேல் தலையை நீட்டினான். அந்தப் பக்கத்திலிருந்து நாகமுத்துவும் தலையை நீட்டினான். அவன் கையிலும் செம்பு, பின்னால் கிராணியம்மா. ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக் கால்மணி நேரம் திட்டிக்கொண்டார்கள். காளிதாஸ் ஓடிவந்து முதல் வீட்டில் மாட்டின் கொம்பில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி வைத்தார். அடுத்த வீட்டில் போய்ப் பார்த்தால் கொம்பில் நீலப் புள்ளி, மை ஈரம் காயவில்லை. பதினோராவது வீட்டிலும் காயவில்லை. அங்கேயே சாணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய், பதிவேட்டில் மாடு ஒன்று என்று எழுதினார். பொய் எழுதியதாக அவருக்குத் தோன்றவில்லை.

வெயில் ஏறியதும், அன்று புல் முறை யாருடையதோ அந்த வீட்டில் மட்டும் ஒரே மாடாக நிற்பாள். தின்பது ஒரு வீட்டில், கறப்பது பதினொரு வீட்டில். இரண்டு வருடத்தில் இது பழகிப்போய், புலாவ் செபாங் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் பால் போயிற்று. பால் மாவு டின்கள் தூசி பிடித்தன.

டின்னுக்குச் சொந்தக்காரர்கள் ஆயர் குரோவில் தொழிற்சாலை வைத்திருந்த இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனி. அங்கிருந்து திவாகர் என்ற அதிகாரி, புக்கிட் பெருவாங்கில் வீடு வாங்கியிருந்த பையன், கழுத்துப்பட்டையோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்தான். பத்து வீடுகளில் அவன் பேச்சு எடுபடவில்லை. மருதமுத்து வீட்டில்தான் உட்காரச் சொன்னார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்தபிறகு அவனுக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை. மரம் சீவும் வெட்டுக்கத்தி ஆணியில் துருப்பிடித்துத் தொங்கியது.

"மாட்டை யாரும் கேக்கல லா, அண்ணே. அந்தக் கயித்துல உங்க துண்டுத் துணி மட்டுந்தான். அதுக்கு ஃபேக்டரியில நிரந்தர ஜாகா வேலை, வாசல் காவல்தான், யூனிபார்ம், சேமநிதி எல்லாம் உண்டு."

"ராமாத்தாள் அக்காவக் கேட்டியா தம்பி?"

"கேட்டேன். கொட்டாங்கச்சிய எடுத்து எறிஞ்சாங்க."

"மேல பட்டுச்சா?"

"கார்ல பட்டுச்சு."

"அப்ப கோவம் கம்மிதான்," என்றான் மருதமுத்து. அன்று மத்தியானமே கயிற்றிலிருந்து பச்சைப் புரியை உருவிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவன் மனைவி பெரியநாயகி செம்போடு போய் நின்றாள். முளைக்குச்சி இருந்தது, மாடு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாகமுத்து வீட்டில் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"மாடு எங்கய்யா?"

சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பாலில்லாத தே ஓ கலந்து, கறுப்பாகவே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

அதே ஐந்து மணிக்கு ஆயர் குரோவில், தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில், நிர்வாகியின் அறைக் கம்பளத்தின் மேல் கிராணியம்மா நின்றாள். அந்த வாசலில்தான் மருதமுத்துவுக்குக் காவல். வெயில் ஏறுமுன் வேலைக்கு வந்து கதவைத் திறந்தவன் தொப்பியைக் கழற்றினான். கொம்பில் நீலப் புள்ளி. அவள் அவனைப் பார்த்தாள், பிறகு அவன் கைகளைப் பார்த்தாள், புல் எங்கே என்று கேட்கிறமாதிரி. கப்பலில் வந்த தீவனம் வைத்தார்கள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் இயந்திரம் மாட்டினார்கள், காற்றுதான் வந்தது. தலைமையகம் அசரவில்லை. புரியை அறுபத்து நாலு துண்டாக வெட்டி, அறுபத்து நாலு நாட்டுக் கிளைகளுக்குத் தபாலில் அனுப்பச் சொன்னது. துண்டுகள் போய்ச் சேர்ந்த வாரம் ஃபேக்ஸ் இயந்திரம் ஓயவில்லை. எல்லா ஊரிலும் மாடு நிற்கிறது, எல்லா ஊரிலும் பால் இல்லை, சாணம் மட்டும் ஒழுங்காக வருகிறது. வந்த ஃபேக்ஸ் தாளை ஆயர் குரோ கிராணியம்மா மென்று தின்றாள். திவாகர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்துப்பட்டையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

லயத்தில் வேறு விதமான அதிர்ச்சி. பதினோராவது நாள் மருதமுத்துவின் முறை. வெயில் ஏறியும் அன்று கிராணியம்மா எந்த வீட்டிலும் நிற்கவில்லை. மறுநாள் பத்து வீட்டிலும் விலா எலும்பு தெரிய, மடி வற்றி நின்றாள். லயம் முழுக்கத் தே ஓ. முறையைப் பத்து நாளாக மாற்றிவிடலாம் என்று நாகமுத்து சொன்னான்.

"பதினோரு நாள்னு பேசியாச்சு," என்றாள் ராமாத்தாள். "அவன் குடுத்தது துணிய. மொறைய எவன் வாங்குனான்?"

"அவன்தான் வரலயே அக்கா?"

"வர்ற வரைக்கும் கறுப்பாக் குடி. செத்தா போயிருவ?"

இப்படி இரண்டு சுற்று போயிற்று. பெரியநாயகி இதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்வாள், புருஷனைப் பார்த்து அல்ல. வழியில் எவரும் அவனைத் திட்டவில்லை. இருபது வருடம் ஒன்றாக வேலைக்குப் போனவர்கள், அவன் வந்தால் பஸ் நிறுத்தத்தில் நகர்ந்து இடம்விட்டார்கள், அந்நியனுக்கு விடுவதுபோல. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது சுற்றில் அவன் முறை வந்த அன்று காலை, மருதமுத்து யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத்தான் கிளம்பினான். தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் இடுப்பளவு புல், பனியோடு நின்றது. கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து புல்லரிவாளைத் தீட்டினான். ஒரு கட்டு வெட்டி முடித்தபோது கட்டுவதற்குக் கயிறு இல்லை. காக்கிச் சட்டையின் கையைக் கிழித்துக் கட்டினான். காலி முளைக்குச்சியின் முன்னால் புல்லைப் போட்டுவிட்டு, மாடு வரும் என்ற எண்ணமெல்லாம் இல்லாமல், முகம் கழுவத் தொட்டிக்குப் போனான்.

பின்னால் மெல்லுகிற சத்தம் கேட்டது.

திரும்பியவன் கையிலிருந்த தண்ணீரெல்லாம் சட்டையில் கொட்டியது. கிராணியம்மா நின்றாள். கழுத்துக் கயிற்றின் புரிகளை விரலால் எண்ணினான். பதினொரு புரி. பதினோராவது காக்கி.

"என்னா பேயடிச்ச மாதிரி நிக்கிற?" பெரியநாயகி வாசற்படியிலிருந்து, மூன்று சுற்றுக்குப் பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்தே பேசினாள். "இந்தப் புல்லு அவளுக்கு ஒரு பக்கத்து வாய்க்குப் பத்துமா? போய் இன்னொரு கட்டு வெட்டு."

போனான்.

அன்றோடு அறுபத்து நாலு ஊர் கம்பளங்களும் காலியாயின. காவல் வேலை போயிற்று. சட்டைக்கு ஒரு கை குறைந்ததால் கம்பெனி யூனிபார்மைத் திரும்ப வாங்கவில்லை. தொண்ணூற்றேழில் ரிங்கிட் மதிப்பு விழுந்து டின் விலை ஏறியபோது, தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறியது. திவாகர் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்து, கழுத்துப்பட்டையை ராமாத்தாளிடம் நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை. அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "புல்லு வெட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றான். மருதமுத்து கற்றுக்கொடுத்தான்.

திவாகரோடு பன்னிரண்டு வீடு புதிதாகச் சேர்ந்து, இப்போது முறை இருபத்து மூன்று நாளுக்கு ஒரு தடவை வருகிறது. புக்கிட் பெருவாங்கில் ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்தில்கூட விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கிறார்கள். காளிதாஸ் மாதா மாதம் பதிவேட்டில் மாடு ஒன்று என்றே எழுதுகிறார். கொம்பில் மை இன்னும் காயவில்லை.