பச்சையில் வந்த பிழை

போ-ஹானின் துண்டான மூன்று விரல்களையும் பொறுக்கி ஐஸ் பைக்குள் போட்டவள் அவன் மனைவி மெய்-யூன்தான். தைவானில், தைச்சுங் நகரத்தில், அவன் வேலை செய்த அதே பட்டறையில்தான் அவளுக்கும் வேலை. ஆம்புலன்ஸில் ஏறப் போனவளை முதலாளி லியாவின் நரம்பில்லாத நாக்கு நிறுத்தியது.

"பாக்காம கைய விட்டான். தப்பு அவனோடது. அப்படித்தான் லேபர் ஆபீசுக்கு எழுதி அனுப்பப் போறேன்."

விரலும் போய் பழியும் அவன் தலையிலா? மெய்-யூன் ஐஸ் பையைக் கொடுத்து ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றாள்.

போ-ஹான் பார்க்காமல் கை விடுகிற ஆளே இல்லை. தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் திரையில் ஓடும் ஆங்கிலம் அங்கே யாருக்கும் புரியாது. நிறத்தைத்தான் பார்ப்பார்கள். பச்சை என்றால் தகட்டை எடுக்கலாம், சிவப்பு என்றால் கிட்டே போகக் கூடாது. ரத்தம் தெறித்த திரையில் கடைசி வரி இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. மெஷினின் இரும்புத் தலை மறுபடி மேலே ஏறி நின்றிருந்தது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் பார்க்கிற காய்-ரூய் அரக்கப் பரக்க ஓடிவந்து கீபோர்டில் கை வைத்தான். அவள் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எதைடா அழிக்கப் பாக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. எல்லாம் சரியாத்தான் ஓடுது. பச்சைதானே காட்டுது?"

அறைந்தாள். உதடு கிழிந்தது. முதலாளி "ஏய்!" என்று கத்தியதைக் காதில் வாங்காமல் அவனைத் தரதரவென்று இழுத்துப்போய், வலது கையை இரும்புத் தலைக்குக் கீழே, புருஷனின் ரத்தத்தின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"பச்சைதானே? அப்புறம் ஏன்டா நடுங்கற?"

"ஐயோ, விடுங்கக்கா! தலைய மேலேயே பிடிச்சு வைக்கிற பூட்டு விழல! எப்ப வேணா இறங்கிடும்! அந்தப் பச்சை வரி பிழை அக்கா, பிழை!"

"பிழை ஏன் பச்சையில வந்துச்சு?"

"ஷேர் ஆபீஸ்ல இருந்தவன்க்கா நான்! நம்ம தைவான் ஷேர் மார்க்கெட்ல சிவப்புன்னா ஏத்தம், பச்சைதான் இறக்கம். அந்தப் பழக்கத்துல பிழைன்னா பச்சையில காட்டுன்னு என் லாகின்ல ஒரு வேரியபிள், அதான் ஒரு செட்டிங், வெச்சிருந்தேன். காலையில மெஷின் ப்ரோகிராம என் லாகின்ல இருந்தே ஸ்டார்ட் பண்ணிட்டேன். அதுவும் கூடவே வந்துடுச்சு!"

பட்டறையே கேட்டது. மெய்-யூன் அவன் கையை உதறிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல? இப்ப எழுதுங்க."