ராமலட்சுமிக்குக் குறையில்லை

விந்தில் அணுவே இல்லை என்று டாக்டர் சொன்னபோது, கருத்தப்பாண்டிக்கு முதலில் நினைவுக்கு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் மனைவி மாரீஸ்வரி அல்ல. செத்துப்போன ராமலட்சுமி.

ராமலட்சுமி அவனுடைய முதல் மனைவி. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆறு வருடம் அவனோடு குடும்பம் நடத்தினாள். குழந்தை இல்லை. அவளுக்குத்தான் எல்லாச் சோதனையும் செய்தார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனிடம் விந்துச் சோதனைக்கென்று ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். அவன் அதை வாங்காமலேயே வந்து பஸ் ஏறிவிட்டான்.

“நீங்களும் ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்தா என்ன?” என்று ராமலட்சுமி பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கென்னட்டி கொற?” என்றான்.

மறு மாதமே அவளை மறையூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான். பிறகு உறவைத் தீர்த்தும் விட்டான். இரண்டே வருடத்தில் அவள் மஞ்சள்காமாலையில் இறந்தாள். அவன் சாவுக்குப் போகவில்லை.

“சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். வந்தது. பதினாறு வயதில் கன்னத்தோடு விதையும் வீங்கிப் பத்து நாள் படுத்துக் கிடந்தான். அப்போதே கெட்டிருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையால் பலன் இருக்காது. விதையைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் தேடிப் பார்க்கலாம். ஓர் அணு அகப்பட்டாலும் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கலாம். அகப்படாவிட்டால் வேறொருவர் தானம் தந்த விந்து, அல்லது தத்து.

அன்றிலிருந்து ராமலட்சுமி பட்டப்பகலில் வரத் தொடங்கினாள். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும்போது பக்கத்து வரிசையில் நின்றாள். பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். திரும்பினால் வேறு யாராவது இருப்பார்கள்.

“யாரப் பாக்குறீங்க?” என்பாள் மாரீஸ்வரி.

“யாருமில்ல.”

கோட்டயத்தில் ஆபரேஷன் நடந்தது. மூன்று மணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. மயக்கம் தெளிந்தபோது மாரீஸ்வரி அவன் தலைமாட்டில் இருந்தாள்.

“மயக்கத்துல அக்கா பேரச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிட்டே கெடந்தீங்க,” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. “செத்தவங்களுக்கு எப்பிடிக் கேக்கும்? அவங்க அம்மா உசுரோடதான இருக்காங்க.”

தையல் ஆறியதும் மறையூருக்குப் போனான். ராமலட்சுமியின் அம்மா மூக்கம்மாள் வெல்ல ஆலைக் கொட்டகையில் சூட்டோடு சூடாக உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“அத்த, கொற அவகிட்ட இல்ல. எங்கிட்டதான் இருந்திருக்கு.”

அவள் கை நின்றது. வெல்லம் உள்ளங்கையிலேயே இறுகியது.

“சாகுற வரைக்கும் மருந்து குடிச்சா,” என்றாள். “யாரு எந்த வேரச் சொன்னாலும் அரச்சுக் குடிச்சா. அவன்தான் வேற பொண்ணு பாத்துட்டானே, இனி எதுக்குட்டின்னு நான் கேட்டா, என் வயிறு நல்லாருக்குன்னு எனக்குத் தெரியணும்மான்னு சொல்லுவா. அந்த மருந்துலதான் ஈரல் போச்சுன்னாரு டாக்டரு.”

அவன் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். காமாலை என்று மட்டுமே அவனுக்குத் தெரியும்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது? அவள மலடின்னு சொன்ன லயத்துல போயிச் சொல்லு.”

மறுநாள் காலை, வேலை பிரிப்பதற்காக எல்லோரும் கூடியிருந்த பெரட்டுக் களத்தில் சொன்னான். “கொற ராமலட்சுமிகிட்ட இல்ல, எங்கிட்டதான்,” என்றான். சூப்பர்வைசர் ராக்கப்பன் நோட்டை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ராமலட்சுமியை முதன்முதலில் மலடி என்று சொன்னவள் அவன் அம்மா. அவள் கூடையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பாராமல் மலையேறிப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாரீஸ்வரி, “தானம் வாங்க எனக்குச் சம்மதம். ஒங்களுக்கு மனசு ஒப்பலன்னா இப்பவே சொல்லிருங்க. பொறவு அந்த வெறுப்பப் புள்ளகிட்ட காட்டக் கூடாது,” என்றாள். அவன் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டான்.

முதல் முறை கரு தங்கவில்லை. இரண்டாம் முறை தங்கியது.

சொல்லிவிட்டால் ராமலட்சுமி போய்விடுவாள் என்று நினைத்திருந்தான். அவள் போகவில்லை. ஸ்கேன் அறையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது. மாரீஸ்வரி அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்தபடி நிமிர்ந்தபோது, கதவோரம் ராமலட்சுமி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரை அவளுக்கும் தெரியட்டும் என்று அவன் சற்று விலகி நின்றான்.