அடைப்புக்குள் இரண்டு சொற்கள்

இருவருக்கும் சேர்த்து டாக்டர் எழுதிக்கொடுத்த உணவுத் தாளை மடியில் விரித்துவைத்து, அவள் பேனா மூடியைத் திருகினாள். 'காப்பி ஒரு வேளை மட்டும்' என்ற வரியில் கடைசி மூன்று சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டாள். வயதான கைதான். கோடுகள் நேராக விழுந்தன.

"இந்த இடத்துல இன்னும் உடன்பாடு வரல, வாத்தியாரே. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க."

"டாக்டர் என்ன எதிரி நாடா?"

"நட்பு நாடு. அவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். போய்க் காப்பி போடுங்க."

பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதும்போது, யாருக்காவது சம்மதமில்லாத சொற்களை இப்படி அடைப்புக்குள் நிறுத்திவைப்பார்கள். அடைப்பு இருக்கும்வரை கையெழுத்து கிடையாது. தூதராக இருந்தவள் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். கல்யாணமான புதிதில், கணவர் தன் அம்மா வந்து தங்குவதைப் பற்றி எழுதிய கடிதம் 'மூன்று மாதம்' என்ற சொற்கள் அடைப்புக்குள் இருக்கத் திரும்பி வந்தது. அவள் போன நாடுகளுக்கெல்லாம் கூடவே போய், கிடைத்த பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதனால்தான் வாத்தியார்.

தாளை ஒட்டிவிட்டு, காப்பியோடு அவர் திரும்பியபோது, யாரோ நீளமாகப் பேசுவதைக் கேட்பவள்போல அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பேனா திறந்தே கிடந்தது. டாக்டர் வந்து போனபின் அதை மூடித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அமைச்சகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை.

"அமைச்சகத்தோட இரங்கல் செய்தி சார். நீங்க ஒரு தடவை பாத்துட்டா பத்திரிகைகளுக்கு அனுப்பிடுவோம். மூணரைக்கு அமைச்சரே மலர்வளையத்தோட வர்றாரு."

அவர் படித்தார். நாட்டின் முதல் பெண் தூதர். நான்கு நாடுகளில் பணி. இரண்டு எல்லை ஒப்பந்தங்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரி: 'குடும்பக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகினார்.'

அமைச்சகத்தின் தலைமைச் செயலர் பதவிக்கு அவள் முறை வந்தபோது, 'கணவர் உள்ள பெண் நேரம் பாராமல் உழைக்க இயலாது' என்று கோப்பில் எழுதி, அவளுக்கு மூன்று வருடம் இளையவரை உட்காரவைத்தார்கள். அதே வாக்கியத்தைத் தன் ராஜினாமாவில் எடுத்தெழுதி, இதனால் விலகுகிறேன் என்றாள். பதிவேட்டில் ஏறியதோ 'குடும்பக் காரணங்களுக்காக' என்ற இரண்டு சொற்கள். திருத்தச் சொல்லிப் பத்தொன்பது வருடமாக, வருடத்துக்கு ஒரு கடிதம். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதில்.

விசேஷ வீடுகளில், "உங்களாலதான் வேலையை விட்டாங்களாமே" என்பவர்களிடம் அவர் சிரித்துவைப்பார். ஒருமுறை அவளிடமே சொன்னார்: "விட்டுடு. எனக்கு ஒண்ணும் வலிக்கல."

"உங்களைக் காரணம்னு எழுதியிருக்காங்க. நீங்க காரணமில்ல. அதை எப்படி விடுறது?"

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த இரண்டு சொற்களுக்கும் இருபுறமும் கோடு இழுத்து, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மனைவியின் தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னிக்குமா அத்தான்? அமைச்சர் வர்றாரு. அக்காவுக்கு இதைவிட மரியாதை எப்பக் கிடைக்கும்? ரெண்டு வார்த்தை. யாரு படிக்கப்போறா?"

"யாரும் படிக்கமாட்டாங்கன்னா எடுத்துடலாமே."

அதிகாரி அந்த அடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயிற்சியில அவங்க எழுதின ஒப்பந்த வரைவைத்தான் சார் எங்களுக்குக் காட்டுவாங்க. பக்கம் பூரா இந்த அடைப்புதான் இருக்கும்."

பால்கனிக்குப் போய் ஃபோன் பேசினாள். உள்ளே கேட்டது. "இல்ல சார், அவர் கோவமா இல்ல. அதுதான் பிரச்சினை."

திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. "பதிவேட்டுல உள்ளதைத்தான் போடமுடியுமாம். இல்லேன்னா செய்தியும் கிடையாது, அமைச்சரும் வரமாட்டாராம். நீங்க சரின்னு சொன்னாப் போதும் சார். கையெழுத்துகூட வேண்டாம்."

"அவ சரின்னு சொல்லல. நான் எப்படிம்மா சொல்றது?"

மூன்றரைக்கு யாரும் வரவில்லை. அமைச்சருக்காக முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியைத் தங்கை சற்று நேரம் பார்த்தாள். பிறகு போய்த் தானே அதில் உட்கார்ந்தாள்.

அதிகாரி தாளை மடிக்காமல் உறையில் வைத்தாள். "இதுக்கு உள்வரவு முத்திரை குத்திக் கோப்புல சேத்துடுறேன். அதுக்கப்புறம் யாரும் கிழிக்கமுடியாது."

"உனக்குப் பிரச்சினை எதுவும் வராதா?"

"வரும் சார்." அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "இப்ப அரை நாள் லீவு சொல்லிட்டேன்." நான்கு மணிக்கு உடலை எடுத்தபோது கூடவே நடந்தாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் வாத்தியார் சமையலறைக்குப் போய்ப் பாலை எடுத்தார். பின்னாலேயே வந்த தங்கை ஃப்ரிட்ஜ் கதவைப் படித்தாள்.

"காலையில ஒரு தடவை போட்டீங்களே அத்தான். ஒரு வேளை மட்டும்னு எழுதியிருக்கு."

"அது இன்னும் முடிவாகல" என்று அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

தாளில் கோடுகள் நேராக இருந்தன.