கரடிக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி

எல்வுட் சல்மேலாவின் கடைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியோடு திரும்புகிறார்களோ இல்லையோ, நாலு பேருடைய அபிப்பிராயத்தோடு கட்டாயம் திரும்புவார்கள். அங்கே காபிக்குக் காசு கிடையாது, அதனால் வாய்களுக்கு ஓய்வும் கிடையாது. எனக்கு அந்தக் கடை என்றைக்குமே பிடித்ததில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, "வர்றியா?" என்று என் புருஷன் வெஸ் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் யோசிக்க வேண்டும். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச்சில் எங்கள் மகன் டேல் செத்துப்போனான். அப்பாவும் பிள்ளையுமாக உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனார்கள். பனிக்கட்டி உடைந்தது, டேல் உள்ளே போனான், வெஸ் திரும்பி வந்தான். கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடியவன் பக்கத்து வீட்டு ஹாங்க் பெசோனென். அடக்கம் முடிந்த அன்று அந்த ஆள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "வெஸ் டேல் மணிக்கட்ட நல்லா புடிச்சிருந்தான் லோர்னா. நான் கயித்தோட கிட்ட வந்துட்டேன். பாத்துட்டே இருக்கேன், கை தெறந்துருச்சு" என்றான். சொல்லாமல் இருந்து தொலைத்திருக்கலாம். அவன் வாயில் எதுவும் தங்காது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரே நினைப்புதான். விட்டுவிட்டான். தான் பிழைப்பதற்காக, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டான். நான் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று முதலில் பயமாக இருந்தது. பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. அழுகை இல்லை, கோபம் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுத் தட்டாக உருளைக்கிழங்கு பரிமாறினேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். டுலூத்தில் என் அக்கா ரூத் இருக்கிறாள். கரடி வேட்டை சீசன் முடிந்ததும் அவளிடம் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வெஸ்ஸிடம் மூச்சு விடவில்லை.

சீசன் முடியட்டும் என்று எதற்காக இருந்தேன் என்றால், கரடி சுடப் பெர்மிட் வந்துவிட்டது. வருஷா வருஷம் எழுதிப்போட்டு, குலுக்கலில் பெயர் வராமல் வராமல், இந்த வருஷம் வந்தது. எனக்கும் அவனுக்கும். எங்கள் பக்கத்தில் எழவு விழுந்த வீட்டில்கூடக் கரடி பெர்மிட்டை வீணாக்க மாட்டார்கள். "வந்துருக்கு" என்றான் வெஸ். "சரி" என்றேன். அந்த மாதம் நாங்கள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது டேலுடையது. அவன் அறையில் அப்படியே நிற்கிறது. இருவரும் அதைத் தொடவில்லை.

கடையில் நுழைந்ததும், எனக்கென்றே வைத்ததுபோல் ஹாங்க் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன வெஸ், பீரங்கி வாங்க வந்தியா?"

"கரடிக்கும் மானுக்கும் சேத்து ஒண்ணு" என்றான் வெஸ், எல்வுட்டைப் பார்த்து. "லீவர் வச்சது."

மான் வேட்டை நவம்பரில். நவம்பரில் நான் டுலூத்தில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோதும் மனதில் ஒன்றும் அசையவில்லை.

எல்வுட் என்னோடு பள்ளியில் படித்தவன். தொப்பைக்கு மேல் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தான். "தேவதாரு சதுப்புக்குள்ள பூந்து போறதுக்கு லீவர்தான் சரி. மெலிசா இருக்கும், கொடியில மாட்டாது. ஆனா எந்தத் தோட்டா, அதச் சொல்லு மொதல்ல."

"நாப்பத்தஞ்சு-எழுபது" என்றான் வெஸ்.

ஹாங்க் காபியைக் கீழே வைத்தான். அவனுக்கு இது கல்யாண விருந்து மாதிரி. "அடேய், காட்டெருமை சுடப் போறியா என்ன? தோள்பட்டைய கழட்டிக் கையில குடுத்துரும். நம்ம ஊரு கருப்புக் கரடிக்கு முப்பது-முப்பது தாராளம். இரை வச்ச எடத்துல இருவது கெசத்துல ஒக்காந்து பழைய டோனட்டு தின்னுட்டிருக்கும். அதுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய குண்டு?"

"காயத்தோட ஓடிருச்சுன்னா?"

"நெஞ்சுல சுட்டா எங்க ஓடும்? எடம் தப்பினா நாப்பத்தஞ்சும் ஒண்ணுதான், கல்லு விட்டு அடிச்சாலும் ஒண்ணுதான்."

"முப்பத்தஞ்சுன்னு நடுவுல ஒண்ணு இருக்கு" என்று எல்வுட் சமாதானத்துக்கு வந்தான். "கரடிக்கு நல்ல கனம், மானுக்கும் ஆகும். ஆனா தோட்டா கெடைக்கறது குதிரைக்கொம்பு. அப்பறம் என் கழுத்தப் புடிக்கக் கூடாது."

இப்படி அரைமணி நேரம் போனது. நான் ஜன்னல் ஓரம் நின்று, வாசலில் கட்டியிருந்த யாருடைய நாயையோ பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெஸ், எப்போதும் போல, வாதாடச் சலித்துப்போய் முப்பது-முப்பதுக்கே வந்தான். பழைய மாதிரி ஒன்று இருந்தது. வால்நட் கட்டை, நீலக் குழல், தவறி வெடிக்காமல் தடுக்கிற பாதுகாப்புப் பொத்தான் எதுவும் கிடையாது. எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்தப் பொத்தான் என்றாலே வேப்பங்காய். வக்கீல்களுக்குப் பயந்து கம்பெனிக்காரன் வைத்தது என்பார்கள்.

"இறக்கிக் காட்டு" என்றான் எல்வுட்.

அது அந்தக் கடையின் சட்டம். லீவர் துப்பாக்கியின் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இரும்புக் குதிரை நிமிர்ந்து நிற்கும். சுடுவதற்காகப் பின்னால் இழுத்துவிட்டு, சுடாமல் விட வேண்டி வந்தால், அதைக் கட்டைவிரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெதுவாக இறக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. உள்ளே தோட்டா இருக்கும்போது விரல் வழுக்கினால் வெடித்துவிடும். அதனால் எல்வுட் காலித் துப்பாக்கியில் இறக்கிக் காட்டச் சொல்வான். காட்டாதவனுக்கு விற்க மாட்டான், பாதிரியாராக இருந்தாலும்.

வெஸ் பன்னிரண்டு வயதிலிருந்து செய்கிற வேலை. விசைக்கு அடியில் இருக்கும் லீவரை இழுத்தான், குதிரை பின்னால் போய் நின்றது. கட்டைவிரலைக் குதிரைமேல் வைத்தான். விசையை அழுத்தினான்.

டக்.

வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை ஹாங்க் பாதியிலேயே நிறுத்தினான்.

"எண்ணெ" என்றான் வெஸ். "வெரல்ல எண்ணெ பட்டுருச்சு." கால்சட்டையில் கையைத் துடைத்தான். மறுபடி இழுத்தான். இந்தத் தடவை தலையைக் குனிந்து, விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல், நிதானமாக அழுத்தினான்.

டக்.

முப்பது வருஷத்துக்கு மேல் காட்டில் மரம் அறுத்தவன். அந்த ரம்பத்தின் அதிர்வில் குளிர்காலத்தில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். ஊரில் பாதிப் பேருக்கு உள்ள கதைதான். 'குளிர்ல மட்டும்தான், டாக்டர் எல்லாம் வேணாம்' என்பான். இது ஆகஸ்டு. எல்வுட் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"பொத்தான் வச்சது ஒண்ணு இருக்கு வெஸ்" என்று எல்வுட் மெதுவாக ஆரம்பித்தான்.

"வேணாம்."

"நல்ல சாமான்தான்ப்பா..."

"வேணாம்னு சொல்றேன்ல!"

எனக்கு அப்போது வந்தது எரிச்சல்தான். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று வந்ததே என்று எனக்கே ஆச்சரியம். "அந்தப் பொத்தான் வச்சதையே குடு எல்வுட்" என்றேன். "எனக்கு. நான்தான் சுடப் போறேன். கரடிக்குப் பதுங்குற ஒரே மறைவுக்குள்ள இவன் பக்கத்துல ஒக்காரப் போறவ நான். என் மண்டை எனக்கு வேணும்."

ஹாங்க் சிரிக்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, காபிக்கே திரும்பிவிட்டான்.

எல்வுட் கொடுத்ததை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தேன். கனமில்லை. குதிரையை இழுத்து இறக்கினேன், சத்தம் வரவில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். வெஸ் அதற்குள் வெளியே போய்விட்டான்.

நான் வந்தபோது அவன் வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டுக்கொண்டிருந்தான். துப்பாக்கியைப் பின்னால் வைத்துவிட்டு ஏறினேன். அவன் சாவி போடுவதைப் பார்த்தேன். குனிந்து, சாவியைப் பார்த்து, விரல்களைப் பார்த்து, ஊசியில் நூல் கோக்கிறவன்போலப் போட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமாக இவன் என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தான். குற்றம் செய்த நெஞ்சு என்று நான் நினைத்திருந்தேன். காபிக் கோப்பை எடுத்தாலும், சட்டைப் பொத்தான் போட்டாலும், இவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எப்பேர்ந்து இப்படி?" என்றேன்.

"எது?"

"வெஸ்."

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. "ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல குளிருக்கு மட்டும்தான் இருந்துச்சு. அப்பறம் போன உணர்ச்சி திரும்பி வரல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா காட்டுக்கு விடமாட்ட. டேலும் விடமாட்டான்."

மகனின் பெயரை அவன் வாயால் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கு ஏரியில" என்றேன். "கை தெறந்துருச்சுன்னு ஹாங்க் சொன்னான்."

வெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேசியபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேன். குப்புறப் படுத்துட்டிருந்தேன், கண்ணெல்லாம் தண்ணி. இழுத்துட்டே இருந்தேன். திடீர்னு பாரம் கொறஞ்சுச்சு. ஏறிட்டான்னு நெனச்சேன் லோர்னா. சந்தோசப்பட்டேன். அப்பறம்தான் பாத்தேன்."

எனக்குள் இருந்த ஒரு கெட்ட பிசாசு அப்போதும் அடங்கவில்லை. பொய்யாக இருந்தால்? எங்களுக்கு நடுவே இருக்கையில் கிடந்த அவன் வலது கையைப் பார்த்தேன். என் நகத்தைக் கட்டைவிரலின் சதையில் வைத்து அழுத்தினேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு, என் பிள்ளைக்கும் சேர்த்து. தோல் கிழிந்து ரத்தம் எட்டிப்பார்த்தது. வாசலில் கட்டியிருந்த நாயை யாரோ அவிழ்த்துக் கூட்டிப்போனார்கள். வெஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், மூக்கெல்லாம் ஒழுக, அசிங்கமாக வந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் தெரியவில்லை. அவன் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

"டுலூத்துக்கு எப்ப கெளம்பற?" என்று கேட்டான், முகத்தைத் திருப்பாமலே. "ரூத் போன் பண்ணுனா. ரூமு ரெடி பண்ணிட்டாளாம். போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"போகல."

"எனக்காக ஒண்ணும் இருக்க வேணாம்."

"போகலங்கறேன்ல. நவம்பர்ல மான யாரு சுடறது, உங்கப்பனா?"

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. உதட்டைப் பிதுக்கி, வெளியே பார்த்தபடியே தலையாட்டினான். நான் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள்தான் வலித்தன.

"வெஸ்" என்றேன். "கீழ பாரு, உன் கைய."

குனிந்து பார்த்தான்.