தெரெஃபே பக்கம் திரும்பிய நாற்காலிகள்

விழா நாடகத்தின் நடுவே தெரெஃபே மேடையை விட்டு இறங்கி வெளியே நடந்தபோது, அடிஸ் அபாபாவில் இருந்த நாற்காலிகள் எல்லாம் அவர் போகும் பக்கமாகத் திரும்பின. அந்த வாரம் மிளகாய்த்தூள் விலையும் ஏறியிருந்தது. எங்கள் குலேலே பேட்டையில் இரண்டையும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

ராணுவ அரசு, தான் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டைக் கொண்டாட ஒரு நாடகம் போடச் சொல்லியிருந்தது. வடக்கே ஜனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பேசக் கூடாது என்று ஓர் உத்தரவு, வீட்டுக்கு வீடு தோரணம் கட்ட வேண்டும் என்று இன்னோர் உத்தரவு. காலமெல்லாம் ராஜா வேஷம் போட்ட தெரெஃபேக்கு இந்த முறை களஞ்சியம் நிரம்பிய குடியானவன் வேஷம். தானிய மூட்டையைச் சுமந்து வந்து அரசுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், அவர் மூட்டையை அவிழ்த்து முன்வரிசை அதிகாரிகளின் காலடியில் கொட்டினார். "இது மரத்தூள். வடக்க இதுகூட இல்ல," என்றார். அதுவும் வசனம்தான் என்று நினைத்து அதிகாரிகள் பலமாகக் கைதட்டினார்கள். எங்கள் பேட்டைச் சங்கத் தலைவர் வொர்க்னே எழுந்து நின்றே தட்டினார். எதற்கென்று தெரியாமல் கைதட்டித்தான் அவர் அந்தப் பதவிக்கே வந்திருந்தார்.

அதன் பிறகு தெரெஃபே மேடை ஏறவில்லை. காபிக்கடைகளிலும் சந்தையிலும் நின்று, வடக்கே போகும் பாதையைத் திறந்துவிடு, கிடங்கில் பூட்டிய தானியத்தை அங்கே அனுப்பு என்று பேசினார். அவர் தெருவில் போனால் இருபுறத்து வீடுகளிலும் நாற்காலிகள் மெல்ல நகர்ந்து அவரைப் பார்த்தன. அமைச்சர்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியோடு சுழன்று சுவரைப் பார்த்தார்கள். நாற்காலிகளை ஆணி அடித்துத் தரையோடு இறுக்கினார்கள், தரைப்பலகை பெயர்ந்தது. இது அந்நிய நாட்டுச் சதி என்று ஒரு மேஜர் வானொலியில் விளக்கினார், பக்கவாட்டில் உட்கார்ந்தபடி. ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேராகப் பிடிக்க ஒருவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நின்றுகொண்டு ஆளலாம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் தெரெஃபேயைப் பிடித்துப் போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் கைதிக்குச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் போக வேண்டும். கூடை காலியாகத் திரும்பி வந்தால் ஆள் இருக்கிறார். இனிக் கொண்டுவராதே என்று காவலாளி சொன்னால், இல்லை. வேறு தகவல் எதுவும் வராது. தெரெஃபேயின் மனைவி ஸெனெபெச் அடுப்படி முக்காலியைப் பார்த்தாள். அது பார்த்த திசையில் இன்ஜெரா அப்பமும் பருப்புக் குழம்பும் கூடையில் வைத்துக்கொண்டு நடந்து, சரியான வாசலில் போய் நின்றாள். ரகசியமாக இடம் மாற்றினார்கள், அங்கேயும் போனாள். சாயங்காலங்களில் முக்காலி இடமும் வலமும் லேசாக அசையும். மேடைக்குப் போகுமுன் தெரெஃபே அப்படித்தான் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அது நிற்கும்வரை அவள் வேறு வேலை பார்க்க மாட்டாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் கூடை நிரம்பியபடியே திரும்பி வந்தது. "இனிமே சாப்பாடு கொண்டு வராதம்மா," என்றான் காவலாளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அன்று சாயங்காலம் முக்காலியும் அசையவில்லை.

பேட்டை திரண்டு துக்கக் கூடாரம் அடித்தது. வொர்க்னேயும் வந்து, அழுவது யார் யார் என்று பார்ப்பதற்காக முன்வரிசையில் உட்கார்ந்தார். மாரடித்து அழுதுகொண்டிருந்தபோது வாடகை நாற்காலிகள் அத்தனையும் ஆட்களோடு மெல்ல மேற்கே திரும்பின, போகிற லாரி ஒன்றைக் கண்ணால் தொடர்வது போல. பிறகு நின்றன. அழுகை ஓயவில்லை, திசைதான் மாறியது. சற்று நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்தபடியே இடமும் வலமுமாக அசைய ஆரம்பித்தார்கள். ஸெனெபெச் எழுந்து கண்ணைத் துடைத்தாள்.

"போதும், நிறுத்துங்க. நடக்கறாரு."

"உக்காருடி, புத்தி பேதலிச்சுப் போச்சு உனக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, தானும் அசைந்துகொண்டே.

ஸெனெபெச் துக்கத்துக்குச் சமைத்ததில் ஒரு பங்கைக் கூடையில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தாள். ஊருக்கு வெளியே பழைய காபிக்கொட்டைக் கிடங்கு வாசலில் இருந்த சிப்பாய் அவளைக் கண்டு துப்பாக்கியை நழுவவிட்டான். இந்த இடம் அவன் தாய்க்கே தெரியாது என்றான். கூடை காலியாகத் திரும்பி வந்தது.

ராணுவ அரசு விழும்வரை அவள் நடந்தாள். நாற்காலிகளைப் பறிமுதல் செய்து எரித்துப் பார்த்தார்கள். ஜனங்கள் சாக்கின்மேல் உட்கார்ந்தார்கள், சாக்குகள் திரும்பின. அப்புறம் ஒரு மே மாதத்தில் சிப்பாய்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். தெரெஃபே பாதிப் பல்லோடு வீட்டுக்கு நடந்து வந்தார்.

அந்த வாரமே வொர்க்னே வந்தார், சட்டையில் புதிய கட்சியின் கொடியைக் குத்திக்கொண்டு. ஸெனெபெச் நாற்காலி போட்டாள். உட்கார்ந்ததும் அது அவரைத் தூக்கிச் சுழற்றிப் பின்சுவரைப் பார்த்து வைத்தது.

"அண்ணன் எங்க, தங்கச்சி? நான் எப்பவும் அவர் பக்கம்தான்னு புது ஆளுங்ககிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லணும்."

"நீங்க பாக்கற பக்கம்தான் இருக்காரு. கொல்லையில கால் கழுவறாரு. சொல்லுங்க, கேக்கும்."

வொர்க்னே சுவரைப் பார்த்து, தான் அன்றைக்கே எழுந்து நின்று கைதட்டியதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஸெனெபெச் அவர் பிடரிக்குப் பின்னாலிருந்து காபி நீட்டினாள். குடித்து முடித்து, சுவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.