கதவு மட்டும் நிக்கட்டும்

குன்னத்துகாலில் தங்கபாயின் ரப்பர் ஷெட்டில் ஒரு பழைய பிரெஞ்சு டெலாஹே கார் கிடந்தது. ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை, டிரைவராயிருந்த அவள் புருஷனுக்குக் கொடுத்தது. புருஷன் செத்தபின் அந்த வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள், காரை விலைக்குக் கேட்ட நாகர்கோவில் ஜினுதான். வரும்போதெல்லாம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்து, "யோசிச்சுச் சொல்லுதேன் மக்கா, பிறவு வா" என்பாள்.

இன்று லாரியோடு வந்தான்.

"அம்மச்சி, இன்னைக்கு முடிவு சொல்லணும். இல்லேங்கி இனி வரமாட்டேன்."

கொடுத்தாலும் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"கொண்டு போ. ஒரு கதவு மட்டும் இஞ்ச நிக்கட்டும்."

"எம்மா, கையால தகடு அடிச்சுச் செய்த பாடியாக்கும்! வேற கதவு லோகத்துல கிட்டாது."

"அதுக்குத்தானே சொல்லுதேன். கிறிஸ்மசுக்கு வா, தாறேன்."

காரோடு லாரி போனதும், கழற்றி வைத்த கதவைக் கட்டிலோரம் சாய்த்து வைத்தாள்.